நாட்டுப்பற்றை நிரூபிக்கிற வேலை திருச்சபைக்கு எதற்கு?

ஆகஸ்ட் 15 கத்தோலிக்கருக்கு இரட்டைத் திருநாள். மாதாவின் விண்ணேற்பும் சுதந்திர தினமும் ஒரே நாளில் வருகின்றன. தஞ்சை, நாகை, திருவாரூர்ப் பக்கத்துப் பங்குகளில், அதாவது ஊர்க் கத்தோலிக்கச் சபைகளில், பூசை முடிந்ததும் வளாகத்தில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து அனுப்புவார்கள். நல்ல வழக்கம். ஆனால் சில இடங்களில் கொடி கோயிலுக்கு உள்ளேயே வந்துவிடுகிறது. பீடத்துக்கு மூவண்ண விரிப்பு, காணிக்கைப் பவனியில் கொடி, மறையுரையில் "நாங்களும் தேசபக்தர்கள்தான்" என்ற கெஞ்சல். நம்மைச் சந்தேகிப்பவர்கள் இதைப் பார்த்து மனம் மாறப்போவதில்லை. நம் பிள்ளைகள்தான் இந்த நாட்டில் நாம் விருந்தாளிகள் என்று கற்றுக்கொள்கிறார்கள். லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார், 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார் என்று பட்டியல் வாசிப்பதும் இதே ரகம்தான். குடியுரிமை செய்த சேவைக்குக் கிடைத்த கூலி அல்லவே.

கொடி கொடிமரத்தில் பறக்கட்டும். அதை மேசை விரிப்பாக்கக் கொடி விதிமுறையே இடம் தராது. ஏற்றியபின் அரசமைப்பின் முகவுரையைத் தமிழில் எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள், இரண்டு நிமிடம்கூட ஆகாது. இந்திய ஆயர் பேரவை 2024இல் தன் பள்ளிகளுக்கும் இதைத்தான் பரிந்துரைத்தது.

பீடத்தையும் கொடியையும் கலந்தால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனி ஏற்கெனவே காட்டிவிட்டது. 1933 ஜூலையில் நடந்த புராட்டஸ்டன்ட் சபைத் தேர்தலில் 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற நாஜி ஆதரவு அணி பெரும் வெற்றி பெற்றது. ஆலயங்களுக்குள் ஸ்வஸ்திகா கொடி வந்தது. செப்டம்பரில் பிரஷ்யச் சபை, யூத வம்சாவளியில் வந்த போதகர்களை விலக்கும் விதியை நிறைவேற்றியது. இந்த அணியை எதிர்த்தவர்கள் 1934 மே 29 முதல் 31 வரை பார்மென் நகரில் கூடி, ஆறு பிரிவுகள் கொண்ட அறிக்கையை வெளியிட்டார்கள். அதில் பெரும்பகுதி இறையியலாளர் கார்ல் பார்த் எழுதியது. சபை கேட்க வேண்டிய குரல் கிறிஸ்துவுடையது மட்டும்தான், எந்த அரசும் எந்தத் தலைவரும் அந்த இடத்தில் உட்கார முடியாது என்பது அதன் சாரம். துணிச்சலான அறிக்கை, சந்தேகமில்லை. ஆனால் அதில் யூதர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. சபையின் சுதந்திரத்துக்காகக் குரல் கொடுத்தவர்கள் அடுத்த வீட்டுக்காரனுக்காகக் குரல் கொடுக்கவில்லை. போர் முடிந்து 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோதும் யூதர் என்ற பெயரைச் சொல்லவில்லை. லூத்தரன் மரபில் வந்த தரங்கம்பாடிச் சபையாருக்கு இது எங்கோ நடந்த கதை அல்ல.

நம் பங்கு இதில் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. கடந்த சில ஆண்டு ஞாயிறுகளின் விசுவாசிகள் மன்றாட்டுத் தாள்களை எடுத்துப் பாருங்கள். யாருடைய துன்பம் அதில் இருக்கிறது? 2023இல் மணிப்பூருக்காகச் செபித்தோம், செபித்திருக்கத்தான் வேண்டும். புல்டோசர் இடித்த முஸ்லிம் வீடு அந்தத் தாளில் வந்ததா? மலம் கலந்த வேங்கைவயல் தலித் மக்களின் தண்ணீர்த் தொட்டி வந்ததா? வரவில்லை என்றால் நாம் கும்பிட்டுக்கொண்டிருப்பது நம் சமூகத்தை. வாரம் ஒரு மன்றாட்டை மற்றவர்களுக்கு ஒதுக்குங்கள். "அச்சத்தோடு வாழும் எங்கள் இஸ்லாமிய அயலாருக்காக, அவர்கள் பக்கம் நிற்கும் துணிவு எங்களுக்குக் கிடைக்க" என்று பொருளைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். "உலக அமைதிக்காக" என்ற மன்றாட்டு யாரையும் தொடாது. அன்பியத்து (பங்கின் சிறு குடும்பக் குழு) வாட்ஸப் குழுவில் முஸ்லிம்களைப் பற்றி வரும் பொய்களையும் அன்றன்றைக்கே மறுக்க வேண்டும். மறுப்பது பங்குத்தந்தை பெயரில் வந்தால் நல்லது, அட்மின் சத்தமில்லாமல் நீக்கிவிட்டால் அது நிஜம் என்றே நம்புவார்கள்.

இன்னொன்று, நமக்கு வலிக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர், தேர் வராத தெரு, தலித் குடும்பங்களிடம் மட்டும் வாங்காத திருவிழா வரி. இவற்றை வைத்துக்கொண்டு அடுத்தவரின் பெரும்பான்மைவாதத்தைக் கண்டிக்க வாய் கூச வேண்டும். பங்குப் பேரவை முதலில் வரி நோட்டைத் திறக்கட்டும். எந்தத் தெருவின் பெயர் அதில் இல்லை என்பதிலிருந்தே வேலை தொடங்கிவிடும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினரில் சேர்க்கவில்லை என்று ஆர்ப்பாட்டம் செய்யும் உரிமையும் அப்போதுதான் முழுதாக நமக்கு வரும்.

தேர்தல் காலத்தில் சட்டத்தைத் தெரிந்து பேச வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123இன்படி மதத்தின் பெயரால் வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்பதும், கடவுளின் கோபத்தைக் காட்டி வாக்காளரை மிரட்டுவதும் முறைகேடு. 1988ஆம் ஆண்டுச் சமய நிறுவனங்கள் சட்டம் கோயில் வளாகத்தையும் பணத்தையும் அரசியலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அதற்குச் சிறைத்தண்டனையும் உண்டு. பொய்யும் வெறுப்பும் பாவம் என்று மறையுரையில் பேசுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கட்சிப் பெயர், சின்னம், "இவருக்குப் போடுங்கள்" ஆகியவை வேண்டாம். ஏதோ ஒரு கட்சி நம்மைக் காப்பாற்றும் என்று மொத்த ஓட்டையும் பேரம் பேசுவது, நாம் எதிர்க்கும் அரசியலையே சின்ன அளவில் நடத்துவது. வேட்பாளர் பூசைக்கு வந்தால் பெஞ்சில் உட்காரட்டும். மைக் கிடையாது, சால்வை கிடையாது, நமக்குப் பிடித்த கட்சிக்காரருக்கும் அதே விதி.

தாக்குதல் என்று வரும்போது பெரும்பாலும் மாட்டிக்கொள்வது கிராமத்து ஜெபக்கூடங்கள்தான். வீட்டுக்கு அனுமதி வாங்கி வழிபாட்டுக் கூடமாக்கியிருப்பார்கள். வழிபாட்டுத் தலம் கட்ட அதற்கென்றே முன் அனுமதி வாங்க வேண்டும். மனு நகல், வரி ரசீது, பட்டா ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்திவிடுங்கள், நியாயமான குறையை நாமே கையில் கொடுக்க வேண்டாம். மிரட்டினால் அன்றே எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ஸ்டேஷனில் வழக்குப் பதியாவிட்டால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173(4)இன்படி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அங்கும் நடக்காவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். ஸ்டேஷனுக்குப் பாஸ்டர் தனியாகப் போகாமல், ஊர் இந்துக் கோயில் நிர்வாகி ஒருவரையும் ஜமாத்தார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூப்பிட்டதும் அவர்கள் வர வேண்டுமானால், அவர்கள் வீட்டுச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் நாம் முன்பே போயிருக்க வேண்டும்.