கூப்பன் உறை – நியூ ஜெர்சியின் எடிசன் ஊரிலிருந்து ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

டிசம்பர் மாத மளிகைச் செலவைக் கூட்டிப் பார்த்தேன். 640 டாலர். மூன்று பேர் சாப்பிடும் வீட்டுக்கு இது ரொம்ப அதிகம். ஓக் ட்ரீ சாலை இந்தியக் கடைகளில் வாங்கும் அரிசி, பருப்பில் பெரிதாகக் குறைக்க வழியில்லை. ஆனால் சலவைத் திரவம், பற்பசை, காலை உணவு சீரியல் என்று கிட்டத்தட்ட பாதிப் பணம் போயிருக்கிறது. கீழ்வீட்டுப் பாட்டி தன் 'ஸ்டார் லெட்ஜர்' ஞாயிறு பேப்பரோடு வந்த விலைக்குறைப்புக் கூப்பன் தாளை எனக்குக் கொடுத்தார். பதினொன்று வெட்டி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 8, புதன்

இன்று மனசே சரியில்லை. சீரியலுக்கு இரண்டு கூப்பன் கொண்டுபோனேன், இரண்டையும் பில் போடும் இயந்திரம் ஏற்கவில்லை. '12 அவுன்ஸ் அல்லது அதற்கு மேல்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. நான் எடுத்தது 10.8 அவுன்ஸ். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, பேசாமல் முழு விலை கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவு சீரியல் சாப்பிடுவதும் இல்லை. கூப்பன் இருந்தது, அதனால் எடுத்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

பாட்டியிடம் சொன்னேன். அவர் தன் உறையை எடுத்துக் காட்டினார். பழைய கடித உறைதான். சீக்கிரம் காலாவதியாகும் கூப்பன் முன்னால், மற்றவை தேதி வாரியாகப் பின்னால். உறையின் மேல் பென்சிலால் அந்த வாரப் பட்டியல். "முதலில் பட்டியல் போடு, அப்புறம் உறையைத் திற" என்றார். தயாரிப்பாளர் கூப்பன் வேறு, கடைக் கூப்பன் வேறு. கடை அனுமதித்தால் ஒரே பொருளுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். கூப்பன் கையில் வந்ததும் ஓடக்கூடாதாம், அந்தப் பொருள் தள்ளுபடிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டுமாம். அலமாரிச் சீட்டில் அவுன்ஸுக்கு என்ன விலை என்று சின்னதாகப் போட்டிருப்பதை இத்தனை வருஷம் நான் கவனித்ததே இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

ஷாப்ரைட் சூப்பர்மார்க்கெட்டில் 'கேன் கேன்' என்ற டப்பா உணவுத் தள்ளுபடி. 1971இல் தொடங்கி, ஜனவரிதோறும் நடக்கிறது. டப்பா கொண்டைக்கடலையை மலைபோல் அடுக்கியிருந்தார்கள். நான் ஊறவைத்து வேகவைப்பவள், தொடவில்லை. ரசத்துக்கும் தொக்குக்கும் ஆகும் தக்காளி டப்பா மட்டும் ஆறு. 7.99 டாலர் சலவைத் திரவம் தள்ளுபடியில் 5.99, இரண்டு டாலர் கூப்பனும் போக 3.99. பில்லைக் கணவரிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

'ஸ்டார் லெட்ஜர்' அச்சில் வருவது இன்றோடு கடைசி. இனி இணையத்தில்தான். பாட்டியிடம் ஸ்மார்ட்போன் இல்லை. கடையின் செயலியில் கூப்பனைத் தொட்டுச் சேர்த்தால்தான் விலை குறையும் என்றால், ஓய்வூதியத்தில் வாழ்பவர் அதே பொருளுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு நியாயமாகவே படவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

பாட்டியின் கடை அட்டை எண்ணை வைத்து என் கணினியில் அவருக்கு ஒரு கணக்குத் திறந்தேன். அவர் பட்டியலைப் படிக்கப் படிக்க, கிடைத்த கூப்பன்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அட்டையைக் காட்டினால் போதும், தானாகக் கழியும். ஆனாலும் எவை சேர்ந்திருக்கின்றன என்று கையில் ஒரு தாள் வேண்டும் என்றார். காபித்தூள், பாத்திரச் சோப்பு, பூனை உணவு என்று பெரிய எழுத்தில், காலாவதித் தேதியோடு எழுதிக் கொடுத்தேன். மடித்துத் தன் உறையில் வைத்துக்கொண்டார்.