குல்மார்க்கில் 300 ரூபாய்த் தலைக்கவசம்

காஷ்மீரின் குல்மார்க்கிலிருந்து நேற்று முன்தினம்தான் வீடு திரும்பினேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. பனிச்சறுக்குக் கருவிகளை வாடகைக்கு விடும் ஒரு கடையில், என் அண்ணன் மகன் விழுந்தபோது விரிசல் கண்ட தலைக்கவசத்துக்காக எங்களிடம் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்ட கடைக்காரர், பணத்தை எண்ணி முடித்த கையோடு அதைத் துணியால் துடைத்து, வாடகைக்கு விடும் மற்ற தலைக்கவசங்களோடு அலமாரியில் வைத்தார்.

ஶ்ரீநகரிலிருந்து தங்மார்க் வரையிலான பாதையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து மேலே 13 கிலோமீட்டருக்கு, சக்கரங்களில் சங்கிலி கட்டிய வண்டிக்காரர் 3,000 ரூபாய் கேட்டார். பனி கொட்டிக்கொண்டிருந்ததால் வேறு வழியின்றிக் கொடுத்தோம். அந்த எரிச்சலோடுதான் கடைக்குள் நுழைந்தோம். எனக்குக் காலுக்கொன்றாக மாட்டும் ஸ்கீ பலகைகள், காலணி, கைத்தடிகள், அண்ணன் மகனுக்கு ஒற்றைப் பலகையான ஸ்னோபோர்டு. ஆளுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய். தலைக்கவசம் அதில் சேராது, அதற்குத் தனியாக 300 ரூபாயாம். “முதல்முறை வருகிறவர்கள் மெதுவாகத்தானே போவீர்கள், அதெல்லாம் வேண்டாம்” என்றார் கடைக்காரர். இரண்டு பேருக்கு மூன்று நாளைக்கு 1,800 ரூபாய் என்று என் மனம் கணக்குப் போட்டுத் தயங்கியது உண்மை. அவன்தான், “சித்தப்பா, ஊரில் பால் வாங்கப் போனாலே ஹெல்மெட் போடச் சொல்வீர்களே” என்றான். வாங்கிக்கொண்டோம்.

மெதுவாகப் போகிறவர்களுக்குத் தலைக்கவசம் வேண்டாம் என்பதைவிட ஆபத்தான அறிவுரையை அந்த மலையில் நான் கேட்கவில்லை. ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொடக்கநிலைச் சரிவுகள் பார்ப்பதற்கு மெத்தை விரித்ததுபோல இருந்தாலும், இரவில் உறைந்த பனி காலை பத்து மணி வரை சிமெண்டுத் தரையைப்போல இறுகிக் கிடக்கிறது. போதாததற்கு, சுற்றுலாப் பயணிகளை உட்காரவைத்து இழுத்துவரும் மரச் சறுக்குவண்டிகளும், படம் எடுத்துக்கொண்டு நடப்பவர்களும் அதே சரிவில் குறுக்கே வருகிறார்கள். திருப்பவும் நிறுத்தவும் தெரியாதவன்தான் இவர்கள்மீது மோதுவான்.

ஸ்னோபோர்டில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டு கால்களும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருப்பதால், குதிகால் பக்கத்து விளிம்பு எதிர்பாராமல் பனியில் சிக்கினால், கால் எடுத்துவைத்துச் சமாளிக்க வழியின்றி உடல் அப்படியே பின்னோக்கிச் சாய்கிறது. கையை ஊன்றவும் நேரம் கிடைப்பதில்லை, பின்மண்டைதான் முதலில் தரையைத் தொடுகிறது. இரண்டாம் நாள் காலையில் அவனுக்கு நேர்ந்தது இதுவே. ஓடுகிற வேகத்தில்கூட அவன் போகவில்லை. தேங்காய் உடைத்தாற்போல ஒரு சத்தம் கேட்டது. நான் ஸ்கீயைக் கழற்றிவிட்டு ஓடுவதற்குள் எழுந்து உட்கார்ந்து, “ஒன்றுமில்லை” என்றான்.

அந்தச் சொல்தான் என்னை அதிகம் அச்சுறுத்தியது. நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச் மாதத்தில் கனடாவின் மோன் ட்ரம்ப்ளாங் மலையில், தலைக்கவசமின்றி, தொடக்கநிலைச் சரிவில் பயிற்சியின்போது விழுந்தார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று பேசிக்கொண்டே அறைக்குத் திரும்பினார். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே ஏற்பட்ட இரத்தக்கசிவால் இரண்டே நாளில் இறந்தார். ஆகவே அன்று முழுவதும் அவனைச் சறுக்க விடவில்லை; தலைவலி, வாந்தி, தூக்கக்கலக்கம் ஏதேனும் வருகிறதா என்று இரவு வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் வரவில்லை.

தலைக்கவசத்தைக் கழற்றிப் பார்த்தபோது, வெளி ஓடு லேசாகத்தான் கீறியிருந்தது; உள்ளே இருந்த வெள்ளை நுரைப்பகுதி பிளந்திருந்தது. அந்த நுரை நசுங்குவதற்காகவே வைக்கப்பட்டது. அது நசுங்கும் கணநேரத்தில் தலை சற்று நிதானமாக நிற்கிறது, மூளை வாங்கவேண்டிய அதிர்ச்சியை நுரை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் உப்பாது. அடுத்த அடிக்கு அது வெறும் தொப்பிதான்.

மாலையில் நூன் சாய் என்னும் காஷ்மீர் உப்புத் தேநீர் குடித்த இடத்தில் ஒரு பயணி, தலைக்கவசத்தின் பாரம் கழுத்தை முறித்துவிடும் என்று உறுதியாகச் சொன்னார். அது தவறு, ஆய்வுகளில் கழுத்துக் காயம் கூடியதாகத் தெரியவில்லை. நார்வேயின் பனிச்சறுக்கு மையங்களில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வு, தலைக்கவசம் அணிந்தவர்களுக்குத் தலைக்காய அபாயம் 60 விழுக்காடு குறைவு என்று கண்டது. இத்தாலியில் முதலில் சிறுவர்களுக்கு மட்டும் இருந்த கட்டாயம் இப்போது எல்லா வயதினருக்கும் வந்துவிட்டது.

ஆனால் தலைக்கவசத்தை மந்திரக் கவசமாக நினைத்துவிடவும் கூடாது. ஐரோப்பியத் தரச் சோதனையில் அதை விழவைக்கும் உயரம் 1.5 மீட்டர்தான், மோதும் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். தேர்ந்தவர்கள் இதைப்போல் இருமடங்கு வேகத்தை எளிதில் தொடுவார்கள். கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெலில் பாறையில் மோதியபோது தலைக்கவசம் அணிந்துதான் இருந்தார். மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அது இல்லாதிருந்தால் மருத்துவமனைக்கே வந்து சேர்ந்திருக்கமாட்டார் என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள்.

வாடகைக்கு எடுப்பவர்கள் உள்நுரையை விரலால் அழுத்திப் பாருங்கள். கம்பளிக் குல்லாய்மேல் போடாதீர்கள். தாடைவாரைப் பூட்டியபின் தலையை உலுக்கினால் கவசம் தனியாக ஆடக்கூடாது. கடையில் இருந்தவற்றுள் இந்த மூன்றுக்கும் தேறியதைக் கண்டுபிடிக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.

மீண்டும் அலமாரிக்கு வருகிறேன். அடுத்து வரும் பிள்ளை இதைப் போட்டுக்கொண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். வெளியே ஒன்றும் தெரியவில்லையே என்றார். அஃபர்வட் மலைக்குப் போகும் ரோப்காரின் இரண்டாம் கட்டத்துக்கென்று ஒதுக்கிவைத்திருந்த பணம்தான் அந்த 2,000 ரூபாய். விலை கொடுத்தபின் பொருள் எங்களுடையது என்று சொல்லி, அலமாரியிலிருந்து நானே எடுத்தேன். அண்ணன் மகன் கல்லாமேசை மேல் இருந்த கத்திரிக்கோலை வாங்கி, கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தாடைவாரை இரண்டு பக்கமும் வெட்டினான்.