அப்பாவின் துப்பாக்கியை ஒப்படைத்தபோது

அப்பா 2022 ஆவணியில் இறந்தார். பழனி மலையின் கீழ்ப்பகுதியில் எங்களுக்குக் காபி, மிளகு, மலைவாழை என்று நாலு ஏக்கர் தோட்டம். அவர் பெயரில் உரிமத்தோடு ஒரு பன்னிரண்டு போர் (குழலின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியும் இருந்தது. கருமாதி முடிந்த கையோடு பட்டா, வங்கிக் கணக்கு, எல்.ஐ.சி. எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசினோம். பீரோவுக்குள் நின்ற துப்பாக்கியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. உரிமத்தை அவர் 2021இல்தான் புதுப்பித்திருந்தார். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உரிமம் மூன்று ஆண்டுக்குப் பதில் ஐந்து ஆண்டுக்குத் தருகிறார்கள். 2026 வரை செல்லும் என்று அதில் போட்டிருந்ததால், எல்லாம் சட்டப்படிதான் இருக்கிறது என்று நினைத்துவிட்டோம். அது தவறு. உரிமம் ஆளுக்குத்தான். ஆள் போனதும் அதுவும் போய்விடுகிறது.

அப்பா கவனமான மனிதர். காட்டுப்பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு, அவ்வளவுதான். பன்றியைச் சுட்டால் 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டம் சும்மா விடாது என்று அவருக்குத் தெரியும். தேர்தல் அறிவித்தால் மற்றவர்களுக்கு முன்னால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். துப்பாக்கி ஒரு பீரோவில், தோட்டாக்கள் வேறு பெட்டியில், இரண்டு சாவியும் வேறு வேறு இடத்தில். அதற்குக் காரணம் உண்டு. நான் ஆறாவது படிக்கும்போது பக்கத்துத் தோட்டத்து வீட்டில் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை எடுத்து இரண்டு பையன்கள் விளையாடினார்கள். ஒருவன் இறந்துபோனான். என் வகுப்புப் பையன். ஊரே விதி என்றது. அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "விதியாவது மண்ணாவது, குண்டு போட்டபடி மாட்டி வச்சிருக்கான். ஒரு பூட்டு போட்டிருந்தா அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போயிருக்கும்" என்றார். அன்றைக்குப் போட்ட பூட்டுதான் கடைசிவரை.

2023 பங்குனியில் ஒரு காலை அம்மா போன் செய்தார். தம்பி மிளகு குத்தகையில் பெரிய நஷ்டப்பட்டிருந்தான். சாப்பாடு, தூக்கம் இல்லை, யாரோடும் பேச்சில்லை. முந்தின இரவு அம்மாவிடம் வந்து, "அப்பாவோட பீரோ சாவி எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறான். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். நான் மதுரையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும் வரை என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

தம்பியிடம் நேராகவே கேட்டேன். அழுதான். மனநல உதவிக்கான 14416 எண்ணுக்கு இருவரும் சேர்ந்து போன் செய்தோம். மறுநாள் மருத்துவரிடம் போனோம். இந்தப் பகுதியை விரிவாக எழுத மாட்டேன், அது அவனுடையது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். துப்பாக்கிச் சாவு என்றால் கொலை, கொள்ளை என்றே நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர்; அதில் பாதிக்கு மேல் தற்கொலை. இங்கே துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகள் குறைவு. பொல்லாத நேரம் ஒருவனுக்கு வரும், போகும். அது போகிற வரைக்கும் அந்தப் பொருள் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும்.

சரி, ஒப்படைப்பது எப்படி? நானே எடுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்லவேளை, ஸ்டேஷனுக்குப் போன் செய்து கேட்டேன். "நீங்க தொடவே வேண்டாம்மா, உங்க பேர்ல உரிமம் கிடையாது, நாங்க வர்றோம்" என்றார் ரைட்டர். மதியம் ஏட்டும் ஒரு காவலரும் ஜீப்பில் வந்தார்கள். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தார்.

ஏட்டு துப்பாக்கியைத் தாழ்வாரத்துக்கு எடுத்துவந்து, எங்களைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, குழலை மடக்கித் திறந்தார். இடது குழலில் ஒரு தோட்டா இருந்தது.

அப்பாவுடைய துப்பாக்கியில்! கடைசி ஒரு வருஷமாக அவருக்கு மறதி அதிகம். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார், என் பெயரைச் சொல்லி அத்தையைக் கூப்பிடுவார். அதையெல்லாம் வயசு என்று விட்டுவிட்டோம். பீரோவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பாதுகாப்பெல்லாம் அவர் ஒருவர் தலையில் இருந்தது. அந்தத் தலை தளர்ந்தபோது நாங்கள் கவனிக்கவில்லை. ஏதாவது நடந்திருந்தால் அது அப்பாவின் தவறாக இருந்திருக்காது, எங்களுடையதாக இருந்திருக்கும்.

2016 ஆயுத விதிகளில் இதற்கு வழி இருப்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். உரிமதாரருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை வாங்கி 25 ஆண்டு ஆனாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே தான் சொல்லும் வாரிசுக்கு உரிமம் தரக் கேட்கலாம். வாரிசுக்கு வேண்டாம் என்றால் அப்போதே ஒப்படைத்துவிடலாம். அப்பாவுக்கு 74. நாலு வருஷம் வீணாக்கியிருக்கிறோம்.

உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் இப்போது இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ஏழு மாதம் வைத்திருந்தோமே என்று பயந்தேன். உடையவர் இறந்ததை மறைக்காமல் நாமாகவே கூப்பிட்டுக் கொடுத்ததால் பிரச்சினை வரவில்லை. ஆனால் சட்டத்தின் 21ஆம் பிரிவு தாமதம் இல்லாமல் ஒப்படைக்கச் சொல்கிறது. பக்கத்து ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ கொடுக்கலாம். துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை இரண்டும் எழுதிய ரசீதைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ரசீதில் முதலில் தோட்டா விட்டுப்போனது, கேட்டு எழுதி வாங்கினேன்.

அப்புறம் காகித வேலை. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அசல் உரிமம், ஸ்டேஷன் ரசீது எல்லாம் வைத்துக் கலெக்டருக்கு மனு. அம்மா, தம்பி, நான் மூவரும் ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட்டோம்.

கஷ்டம் ஆபீசில் இல்லை, வீட்டில்தான். "குடும்பத்துக் கௌரவம்மா அது. ஆயுத பூஜையில சந்தனம் வச்சுக் கும்பிட்டது. தம்பி பேருக்கு மாத்து" என்று சித்தப்பா ஒரு மாதம் பேசவில்லை. தம்பியின் நிலைமையை அவரிடம் சொல்ல எனக்கு மனமில்லை. கடைசியில் தம்பியே போய், "எனக்கு வேணாம் சித்தப்பா, அது வீட்டுல இருந்தா எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்னான். சித்தப்பா அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விற்கலாம் என்றார்கள். உரிமம் உள்ளவருக்கோ வியாபாரிக்கோ விற்றுப் பணத்தை வாங்கிக்கொள்ள வாரிசுகளுக்கு உரிமை உண்டு. எங்களுக்கு வேண்டாம், அரசே எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்தோம். 2024 நாடாளுமன்றத் தேர்தல் வந்ததில் கோப்பு கொஞ்ச நாள் நின்றது. ஆடி மாதம் உத்தரவு கைக்கு வந்தது.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு நான் ஊருக்குப் போனேன். கவாத்துக் கத்தரி, மண்வெட்டி, அரிவாள், மிளகு பறிக்கும் ஏணி எல்லாவற்றுக்கும் தம்பி சந்தனம் வைத்தான். பீரோவில் இப்போது அம்மாவின் சேலைகள் இருக்கின்றன. சாவி நடைவாசல் ஆணியில் எல்லோர் கைக்கும் எட்டும்படி தொங்குகிறது.