புள்ளி மறைந்த பிறகும் 6 மாதம்

மண்டபம் பக்கம் கடலோரத்தில் எங்கள் வீடு. கார்த்திகை மழையில் சளி பிடித்துக் கிடந்த என் 6 வயது மகனுக்கு, இருமல் நின்று பத்து நாளில் இரண்டு காலிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. காலிலும் புட்டத்திலும்தான், முகம், நெஞ்சு எல்லாம் சுத்தம். "கரையில விளையாடினான்ல, சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டிருக்கும்" என்றார் வீட்டுக்காரர். மாமியார் அம்மை என்று வேப்பிலையே பறித்து வந்துவிட்டார். சொறி மீன் பட்ட பிள்ளை எரிச்சலில் ஊரைக் கூட்டும். இவன் எரிகிறது என்று சொல்லவே இல்லை. மறுநாள் கணுக்கால் வீங்கி, நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

முதலில் காட்டிய இடத்தில் அலர்ஜி என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அன்று ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். விடிந்ததும் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினோம்.

அங்கே குழந்தைகள் டாக்டர் ஒரு கண்ணாடித் துண்டைப் புள்ளிமேல் வைத்து அமுக்கினார். சிவப்பு போகவில்லை. என் விரலைப் பிடித்துத் தடவச் சொன்னார். மணல் ஒட்டியதுபோல் மேடு தட்டியது. "அலர்ஜித் தடிப்புன்னா அமுக்கினா வெளுக்கும். இது தோலுக்குள்ள கசிஞ்ச ரத்தம்மா" என்றார். ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) குறைந்தாலும் இப்படி வரும் என்பதால் ரத்தம் எடுத்தார்கள். தட்டணு சரியாக இருந்தது. நோயின் பெயர் ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ், பழைய பெயர் ஹெச்.எஸ்.பி. ஐஜிஏ என்கிற, உடம்பின் எதிர்ப்புப் புரதமே சின்ன ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து அதைப் புண்ணாக்குகிறது. பெரும்பாலும் சளிக்குப் பின்னால்தான் தொடங்குமாம். அடுத்தவருக்கு ஒட்டாது, இதை மாமியாரை நம்ப வைக்கத்தான் இரண்டு நாள் ஆனது.

இந்த நோயில் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் சொருகிக்கொள்ளலாம் என்று ஸ்கேன் பார்த்தார்கள். இல்லை. வயிற்று வலிக்குச் சில நாள் ஸ்டீராய்டு, மூட்டுக்குப் பாரசிட்டமால். வேறு வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது என்றார்கள், கிட்னிக்கு ஆகாதாம். மலத்தில் ரத்தம் போனாலோ, வலியோடு வாந்தி எடுத்தாலோ உடனே ஓடி வர வேண்டும்.

நான்கு வாரத்தில் புள்ளியெல்லாம் மறைந்து பையன் பந்தடிக்கப் போய்விட்டான். "இனி எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்டார்கள். இந்த நோயில் கிட்னி பாதிப்பு பெரும்பாலும் பின்னால்தான் தலைகாட்டும், வலியும் இருக்காது. அதனால் 6 மாதம் யூரினும் பிரஷரும் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஸ்டீராய்டு அதைத் தடுக்காது என்றும் சொல்லியிருந்தார். முதலில் வாராவாரம், அப்புறம் மாதாமாதம். வாராவாரம் பஸ் கட்டணம் கட்டுபடியாகாது. அதனால் வீட்டிலேயே பார்க்க யூரின் சோதனைப் பட்டை டப்பா வாங்கிக்கொண்டேன். கடற்காற்று ஈரம் பட்டால் பட்டை வீணாகிவிடும், ஒன்றை எடுத்ததும் மூடிவிட வேண்டும். காலையில் முதல் மூத்திரத்தில் நனைத்து ஒரு நிமிடம் காத்திருப்பேன்.

ஐந்தாம் வாரம் பட்டையில் மஞ்சள் கட்டம் பச்சையாகிவிட்டது. யூரினில் புரதம் போகிறது என்று அர்த்தம். எனக்குக் கை நடுங்கியது, அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் லேபில் அளவு பார்த்தார். கொஞ்சம்தான், பிரஷரும் சரி, கூடினால் கிட்னி டாக்டரிடம் போகலாம் என்றார். மூன்று வாரத்தில் கட்டம் பழையபடி மஞ்சளானது. வைகாசியில் கடைசி சோதனை முடிந்தது. இப்போதும் குளிப்பாட்டும்போது அவன் காலைத்தான் முதலில் பார்க்கிறேன்.