வெளிவராத விளையாட்டுகளின் சிப்பும் அட்டைப்படமும்: இதுவரை செய்து பார்த்தது

வண்ண அச்சுக்கு நிறத்துக்கு ஒன்றாக எடுக்கும் நான்கு பிலிமில் மூன்று கைக்கு வந்துவிட்டன. கறுப்பு மட்டும் இல்லை. எண்பதுகளின் கடைசியில் ஐரோப்பாவில் அச்சுக்குத் தயாராகி, வெளிவராமலே நின்றுபோன ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் பெட்டி அட்டைக்கு எடுத்த பிலிம்கள் இவை. பழைய உறையின் மேல் வேலை எண் இருக்கிறது, பக்கத்திலேயே ‘ரத்து’ என்று ஆங்கிலத்தில் கையால் எழுதியிருக்கிறது. விளையாட்டின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நான் சேர்ப்பது இரண்டு வகை. ஒன்று, வெளிவராத அல்லது முடிவுறாத விளையாட்டுகளின் மாதிரி சிப்புகள், அதாவது உருவாக்கும்போது சோதித்துப் பார்க்க எழுதியவை. இன்னொன்று, அவற்றுக்காக வரைந்த அட்டைப்படங்கள், அதாவது மூல ஓவியம், அதன் ஸ்லைடு, அச்சுப் பிலிம், ப்ரூஃப் என்ற சோதனை அச்சு எல்லாம். ஓவியம் என் பட்ஜெட்டுக்கு எட்டாது. பிலிமும் ப்ரூஃபும் எட்டும்.

விளையாட்டே வராதபோது அட்டைப்படம் எப்படி வந்தது என்று வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவிலேயே பலர் கேட்டிருக்கிறார்கள். விளம்பரம் பத்திரிகைக்குப் போக வேண்டும், பெட்டி அச்சாக வேண்டும். அதனால் புரோகிராம் பாதியில் இருக்கும்போதே ஓவியரிடம் வேலை கொடுத்துவிடுவார்கள். ஓவியர் முடித்துக் கொடுத்துவிடுவார், புரோகிராம் முடியாது. லிவர்பூலில் இருந்த இமாஜின் சாஃப்ட்வேர் என்ற விளையாட்டு கம்பெனி 1984இல் மூழ்கியதே, அதுதான் எல்லோரும் சொல்லும் உதாரணம். ‘பேண்டர்ஸ்னாட்ச்’, ‘சைக்ளாப்ஸ்’ என்று இரண்டு பெரிய விளையாட்டுகளைப் பத்திரிகைகளில் பெரிதாக விளம்பரம் செய்தார்கள். கம்பெனி போயே போய்விட்டது. சைக்ளாப்ஸ் கடைசிவரை பெரும்பாலும் காகிதத்தில் எழுதிய யோசனையாகவே நின்றது. அந்தக் கம்பெனியில் இருந்தவர்கள் தொடங்கியதுதான் பின்னால் அட்டை ஓவியத்துக்கே பெயர் வாங்கிய சிக்னோசிஸ் என்ற விளையாட்டு கம்பெனி. அதன் ஆந்தைச் சின்னத்தை வரைந்தவர் ரோஜர் டீன்.

சரி, முதலில் சிப் கதை. அதில்தான் வேலை அதிகம் நடந்திருக்கிறது.

கடையில் விற்ற டிவி கேம் கேசட்டுக்குள் இருப்பது மாஸ்க் ரோம் என்ற சிப். தொழிற்சாலையிலேயே பதித்தது, சுலபத்தில் அழியாது. ஆனால் விளையாட்டை உருவாக்கும்போது தினமும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டுமே, அதற்குப் பயன்பட்டது ஈப்ரோம், அழித்து அழித்து எழுதக்கூடிய சிப். நடுவில் ஒரு குவார்ட்ஸ் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியாக 253.7 நானோமீட்டர் புறஊதா விளக்கைக் காட்டினால் சிப் மொத்தமும் சுத்தமாக அழிந்து, மறுபடி எழுதத் தயாராகிவிடும். ஜன்னல்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது வெளிச்சம் படாமலிருக்க. ஸ்டிக்கர் இல்லாத சிப்பை நேர் வெயிலில் வைத்தால் ஒரு வாரத்தில் அழிந்துவிடலாம். டியூப்லைட் வெளிச்சத்திலேயே கிடந்தால் மூன்று வருடம் என்று சிப் கம்பெனிகளின் பழைய டேட்டா ஷீட்டுகளில் போட்டிருக்கும். நம் ஊர் வெயிலை வைத்துக்கொண்டு இதைப் படித்தால் கை பதறும்.

வெளிச்சமே படாவிட்டாலும் உள்ளே அடைத்துவைத்த மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியும். முப்பது, முப்பத்தைந்து வருடம் ஆன சிப்புகள் இவை. அதனால் ஒரு சிப் வந்தால் முதலில் படித்துக் கணினியில் ஏற்றிவிட வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் அழகாக வைப்பதெல்லாம் அப்புறம். படித்தெடுக்காத சிப்பை நான் சேகரிப்பு என்றே கணக்கு வைப்பதில்லை. நிண்டெண்டோவும் சோனியும் சேர்ந்து தொடங்கிப் பாதியில் விட்ட அந்த ‘நிண்டெண்டோ பிளேஸ்டேஷன்’ மாதிரி இயந்திரம் 2020 மார்ச்சில் ஏலத்தில் 3,60,000 டாலருக்குப் போனது. விலையைப் பற்றி எவ்வளவோ பேச்சு. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 1998இல் நடந்தது. ‘மதர்’ விளையாட்டை நிண்டெண்டோ 1990இலேயே ஆங்கிலத்தில் மாற்றி முடித்து, வெளியிடாமல் வைத்திருந்தது. அதன் மாதிரி கேசட் ஒன்று ஒரு சேகரிப்பாளரிடம் இருந்தது. ரசிகர்கள் அவரைச் சம்மதிக்க வைத்து, பணமும் கொடுத்து, உள்ளே இருந்ததைப் படித்தெடுத்துப் பொதுவில் வைத்தார்கள். கேசட் அவரிடமே இருந்தது, விளையாட்டு எல்லோருக்கும் கிடைத்தது. நிண்டெண்டோ அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டது 2015இல்தான்.

என்னிடம் வந்தது ஒரு ஜோடி சிப். லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தான். அங்கே ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது விற்ற உதிரிச் சாமான்களில் இருந்ததாம். கையால் எழுதிய ஸ்டிக்கர், ஒன்றில் ‘ஈவன்’, இன்னொன்றில் ‘ஆட்’. பார்த்ததுமே செகா கம்பெனியின் மெகா டிரைவ் என்ற டிவி கேம் இயந்திரத்துக்கானது என்று ஊகித்துவிட்டேன். அந்த இயந்திரத்தின் 68000 பிராசஸர் ஒரு தடவைக்கு இரண்டு பைட் படிக்கும். எட்டு பிட் சிப்பை வைத்து அதைச் செய்ய வேண்டுமென்றால் இரட்டைப்படை பைட்டுகளை ஒரு சிப்பிலும் ஒற்றைப்படை பைட்டுகளை இன்னொன்றிலும் பிரித்துப் போட வேண்டும்.

ஸ்டிக்கரை உரிக்கவில்லை. அதன்மேல் அலுமினியத் தாள் வைத்து மூடிவிட்டுத்தான், சிப்பில் எழுதவும் படிக்கவும் பயன்படும் ஐசி ப்ரோகிராமரில் பொருத்தினேன். கால்களில் இருந்த கறுப்பை மட்டும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பென்சில் ரப்பரும் வைத்துத் துடைத்தேன். மெகா டிரைவ் விளையாட்டு எதுவானாலும் ஹெக்ஸ் 100 (பதினாறின் அடிப்படையிலான எண், நம் கணக்கில் 256) என்ற இடத்தில் ‘செகா’ என்ற எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கும். ஜோடி சிப்பில் அது பாதியாக உடைந்து ஹெக்ஸ் 80இல், அதாவது 128இல், நிற்கும். ஒன்றில் எஸ், ஜி. மற்றதில் இ, ஏ. திரையில் அந்த எஸ், ஜி வந்து நின்றபோது எழுந்து நின்றுவிட்டேன். உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

‘ஈவன்’ சிப் எத்தனை தடவை படித்தாலும் ஒரே மாதிரி வந்தது. ‘ஆட்’ சிப் அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் சில பைட்டுகள் மாறின. அந்த ‘செகா’ எழுத்துகளில் தொடங்கும் தலைப்பகுதியில் செக்சம் என்று ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும், அதை வைத்துச் சோதிக்கலாமே என்று தோன்றும். ஆனால் மாதிரி சிப்புகளில் அந்த இடத்தைப் பெரும்பாலும் நிரப்பியே இருக்க மாட்டார்கள். இதிலும் வெறும் பூஜ்யம்தான்.

இங்கேதான் ஈப்ரோமின் அடிப்படைக் குணம் உதவிக்கு வந்தது. ஒவ்வொரு பிட்டையும் வைத்திருக்கும் இடம் ஒரு செல். அழித்த செல் 1 என்று படிக்கும். எழுதிய செல் 0. மின்னூட்டம் கசிந்தால் 0 தான் 1 ஆகும். 1 ஆக இருந்தது தானாக 0 ஆவதில்லை. அப்படியானால் இரண்டு வாசிப்புகள் முரண்படும் இடத்தில் 0 என்று சொல்லும் வாசிப்பைத்தான் நம்ப வேண்டும். பல வாசிப்புகளை எடுத்து, ஒவ்வொரு பிட்டிலும் ஒரு தடவையாவது 0 வந்திருந்தால் 0 என்று எடுத்துக்கொள்ளச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. மீதிக்கு மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. 5 வோல்ட்டில் பலவீனமான செல் 1 என்று காட்டும், அதைவிடச் சற்றே குறைத்தால் அதே செல் 0 என்று ஒப்புக்கொள்ளும். தண்டையார்பேட்டையில் டிவி ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவர் சாக்கெட்டின் மின்காலில் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் ஷாட்கி டையோடு ஒன்றை வைத்துக் கொடுத்தார். சுமார் 0.3 வோல்ட் குறைந்தது. “இவ்ளோதானா தம்பி, இதுக்கா இப்டி தூக்கம் கெட்டே?” என்றார். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தின.

இரண்டையும் பைட் மாற்றிப் பைட் பின்னி, மெகா டிரைவ் போலவே கணினியில் இயங்கும் எமுலேட்டர் புரோகிராமில் போட்டால், ஒரு கால்பந்து விளையாட்டு! மெனு இருக்கிறது, ஒரு மைதானம் இருக்கிறது, பாட்டு இல்லை. வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பையன்களிடம் கொடுத்துப் பார்த்தேன். ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்: கோலி நகரவே மாட்டார், ஆஃப்சைடு என்பதே கிடையாது, இடது ஓரத்தில் ஓடுபவன் மட்டும் மற்றவர்களைவிட வேகம். கடைசியாகச் சொன்னதை நான் கவனித்திருக்கவே மாட்டேன். அந்தப் பையன்கள் சொன்னதையெல்லாம் குறிப்பாக எழுதி கோப்போடு சேர்த்து வைத்திருக்கிறேன். விளையாட்டின் பெயரை இப்போது வெளியிடவில்லை. தலைப்பகுதியில் இருக்கும் கம்பெனிக் குறியை வைத்து, அதில் வேலை பார்த்தவர் யாராவது கிடைப்பாரா என்று தேடுகிறோம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கோப்பு பொதுவில் வரும்.

இனி அந்தப் பிலிம். வண்ண அச்சுக்கு நீலம், மெஜெண்டா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு பிலிம் எடுப்பார்கள். பிலிம் எல்லாமே பார்க்கக் கறுப்புப் புள்ளிகள்தான், எந்த நிறத்துக்கு எது என்று ஓரத்தில் எழுதியிருக்க வேண்டும். என்னிடம் வந்ததில் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு வேலை செய்துகொடுத்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பாசிட்டிவ் எடுத்துத் தட்டு போட்ட காலத்து ஆள். லைட் டேபிளில் விரித்து, லென்ஸை வைத்து, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“இது எழுபத்தஞ்சு டிகிரி, மெஜெண்டா. இது பதினஞ்சு, நீலம். இது நேரா நிக்குது, மஞ்சள். கறுப்பு எப்பவும் நாப்பத்தஞ்சுல இருக்கும் தம்பி. அது இதுல இல்ல.”

புள்ளி வரிசைகள் எந்தக் கோணத்தில் ஓடுகின்றன என்பதை வைத்துச் சொல்கிறார். நாற்பத்தைந்து டிகிரியில் ஓடும் புள்ளிகள் கண்ணுக்கு மிகக் குறைவாகத் தெரியும், அதனால் அழுத்தமான கறுப்புக்கு அந்தக் கோணம். மஞ்சள் எப்படி நின்றாலும் உறுத்தாது, அதனால் பூஜ்யம். அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது பாலபாடம். எனக்கு அன்றுதான் தெரியும்.

பிலிம் பெரியது, என் ஸ்கேனர் மூடியில் இருக்கும் விளக்குக்கு அடங்காது. பகுதி பகுதியாக ஸ்கேன் செய்து, மூலையில் இருக்கும் ரெஜிஸ்டர் குறிகளை (நிறங்களைச் சரியாகப் பொருத்த அச்சகத்தார் போடும் அடையாளங்கள்) வைத்து ஒட்டினேன். அந்தக் குறிகள் இருந்ததால்தான் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தன. புள்ளிகளைக் கரைத்து வழவழப்பாக்கும் வடிகட்டி எதையும் மூலக் கோப்பில் போடவில்லை. அழகாகத் தெரிவதற்கு வேறொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

வந்த படம் இது: கடல் ஓரத்துப் பாறை, மேலே காற்றில் மிதக்கும் ஒரு கப்பல், பாறை விளிம்பில் விளக்கோடு ஒரு பெண். ஏர்பிரஷ் வேலை, அதாவது காற்றால் மையைத் தூவி வரைந்தது. ஓஷன் என்ற விளையாட்டு கம்பெனிக்கு பாப் வேக்லின் என்ற ஓவியர் வரைந்த அட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காலத்து மினுமினுப்பு எப்படி இருக்கும் என்று தெரியும். இதுவும் அந்தக் காலத்துக் கைதான், ஆனால் யாருடையது என்று சொல்ல என்னால் முடியாது. கறுப்பு இல்லாததால் நிழல்கள் வெளிறிக் கிடக்கின்றன. மேலே வானத்தில் தலைப்பு வர வேண்டிய இடம் காலி. தலைப்பு வெள்ளை எழுத்தாக இருந்திருந்தால் மற்ற மூன்று பிலிமிலும் அந்த எழுத்து வடிவத்தில் இடம் விட்டிருப்பார்கள். விடவில்லை. அப்படியென்றால் தலைப்பு, ஓவியர் பெயர், உரிமை வரி எல்லாமே கறுப்பு எழுத்து, எல்லாமே அந்த நான்காவது பிலிமில். இடது மூலையில் மட்டும் ஒரு வட்டம் வெள்ளையாக விட்டிருக்கிறது, எந்தக் கம்ப்யூட்டருக்கு என்று காட்டும் முத்திரைக்காக இருக்கலாம்.

சென்னைக்காரன் என்பதால் இது எனக்கு இன்னும் உறைக்கிறது. மவுண்ட் ரோட்டில் நின்ற கையால் வரைந்த சினிமா பேனர்கள் எத்தனை மிச்சம்? பிளெக்ஸ் வந்த பிறகு அந்தக் கைகளுக்கே வேலை போனது. வரைந்தவர் பெயர் தெரியாமல் ஒரு படம் கிடைத்தால், பெயரைத் தேடிப் பிடிப்பதும் சேகரிப்பவன் வேலைதான் என்று நினைக்கிறேன்.

பர்மா பஜார் பக்கமும் தேடுகிறேன். காரணம் இருக்கிறது. செகாவின் ‘சோனிக் 2’ விளையாட்டின் முடிவுறாத வடிவம் ஒன்று திருட்டு கேசட்டுகளாகவே உலகம் சுற்றியது. தொண்ணூறுகளின் கடைசியில் சைமன் வாய் என்ற ரசிகர் அதை இணையத்தில் கண்டெடுத்தார். கடையில் விற்ற விளையாட்டில் வெட்டப்பட்ட ‘ஹிடன் பேலஸ்’ என்ற கட்டம் அதில் இருந்தது. இன்று மாதிரிகளைப் பாதுகாக்கும் ஒரு குழு அந்தப் பெயரையே தனக்கு வைத்திருக்கிறது. அதனால் பஜாரில் பாய் கடை மூலையில் கிடக்கும் பழைய டிவி கேம் கேசட்டுகளை நான் ஒதுக்குவதில்லை. இதுவரை பார்த்ததில் பெரும்பாலும் கறுப்புப் பிசின் குமிழுக்குள் அடைத்த சிப்புகள், உள்ளே எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டுகள். எதையும் விடாமல் படித்துப் பட்டியலில் சேர்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை என்பதும் பட்டியலில் இருக்க வேண்டிய தகவல்தான்.

வீட்டில் வைப்பதுதான் பெரிய பாடு. ராயபுரம் பக்கத்திலிருந்து வரும் உப்புக்காற்று உலோகத்தைச் சும்மா விடாது, ஐப்பசி கார்த்திகையில் பிலிமில் பூஞ்சை பிடிக்கும். சிப்புகளைக் கறுப்பு ஆன்டிஸ்டாடிக் ஸ்பாஞ்சில் குத்தி, சிலிகா ஜெல் போட்டு, ரப்பர் விளிம்பு வைத்த டப்பாவில் அடைத்திருக்கிறேன். பிலிம்களுக்கு இடையில் அமிலமில்லாத தாள். டப்பாவுக்குள் ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், அதை அம்மாதான் எனக்கு முன்னால் பார்த்துச் சொல்கிறார்.

அடுத்து செய்ய வேண்டியது, 1987 முதல் 1990 வரையிலான ஆங்கிலப் பத்திரிகைகளின் ஸ்கேன்களில் விளம்பரப் பக்கங்களை மட்டும் புரட்டுவது. கப்பல், பாறை, விளக்கோடு பெண். விளம்பரம் ஒரு தடவை வந்திருந்தாலும் தலைப்பு கிடைத்துவிடும். 1987 முழுதும் முடிந்தது, அதில் இல்லை. 1988 பிப்ரவரி வரை வந்திருக்கிறேன். உங்களில் யாருடைய அப்பாவோ மாமாவோ அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் அல்லது டிவி கேம் ரிப்பேர் செய்திருந்தால், பழைய டப்பாவில் ஜன்னல் வைத்த சிப் கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்டிக்கரை உரிக்காமல், வெயிலில் காட்டாமல் எடுத்து வையுங்கள். வந்து படித்துக் கொடுத்துவிட்டு, சிப்பை உங்களிடமே விட்டுவிட்டு வருகிறேன்.