மேற்கு ஆஸ்திரேலியா தனியாகப் போக முடியுமா?

மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் பில்பாராவில் ஒரு இரும்புத்தாதுச் சுரங்கத்தில் எனக்கு எலெக்ட்ரீஷியன் வேலை. இங்கே டீ இடைவேளைக்கு ஸ்மோகோ என்று பெயர். ஸ்மோகோவில் வெயிலும் ஃபுட்டியும் (இந்த ஊர் கால்பந்து) பேசித் தீர்ந்துவிட்டால், "பேசாம நாம தனியாப் போயிடணும்" என்று யாராவது ஆரம்பிப்பார். நாம என்றால் மேற்கு ஆஸ்திரேலியா. தோண்டுவது நாம், தின்பது சிட்னிக்காரனும் மெல்போர்ன்காரனும் என்பது அவர்கள் வாதம். வரிப்பணம் பற்றி இதே புலம்பலை ஊர் டீக்கடையில் கேட்டு வளர்ந்தவன் நான், அதனால் ஆச்சரியப்படவில்லை. ஆனால் இவர்கள் ஒருமுறை நிஜமாகவே வாக்கெடுப்பு நடத்தி ஜெயித்தும் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

1933 ஏப்ரல் 8. பிரிய வேண்டும் என்று 1,38,653 பேர், வேண்டாம் என்று 70,706 பேர். கோதுமை விலை அதலபாதாளத்தில் கிடந்த காலம். கிழக்கே உள்ள தொழிற்சாலைகளைக் காப்பாற்ற மத்திய அரசு போட்ட இறக்குமதி வரியால் இங்குள்ள விவசாயிக்கு இயந்திரங்களெல்லாம் யானை விலை. இரண்டாவதாக ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்கள்: அரசியல் சட்டத்தைத் திருத்த எல்லா மாநிலங்களையும் கூட்டி ஒரு மாநாடு போடலாமா? அதற்கு மாட்டோம் என்றுவிட்டார்கள். அவ்வளவு கோபம். ஆனால் அதே நாளில் நடந்த மாநிலத் தேர்தலில், பிரிவினையை ஆதரித்த பிரீமியர் (மாநில முதல்வர்) ஜேம்ஸ் மிட்செலின் ஆட்சியைக் கவிழ்த்து, அதில் நாட்டமே இல்லாத லேபர் கட்சியின் பிலிப் காலியரை உட்கார வைத்தார்கள். மிட்செல் தன் நார்த்தம் தொகுதியையே பறிகொடுத்தார். போகவேண்டும் என்பதைவிட, போய்விடுவோம் என்று மிரட்டவேண்டும் என்பதுதான் அந்த ஜனங்களுக்கு முக்கியமாக இருந்தது என்பேன்.

சட்டத்துக்கு வருவோம். ஆஸ்திரேலிய அரசியல் சட்டம், பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1900-இல் இயற்றிய ஒரு சட்டத்துக்குள் அடங்கியது. அதன் முகவுரை இதைக் 'கலைக்க முடியாத' கூட்டாட்சி என்கிறது. அந்த முகவுரையில் ஐந்து மாநிலங்களின் பெயர் இருக்கிறது, மேற்கு ஆஸ்திரேலியாவின் பெயர் இல்லை! ஸ்மோகோ வக்கீல்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். நானும் கொஞ்ச நாள் ரசித்தேன். விஷயம் சாதாரணமானது: சட்டத்துக்கு விக்டோரியா ராணி ஒப்புதல் தந்தது ஜூலை 9, இவர்கள் சேர்வதாக வாக்களித்தது ஜூலை 31. மேற்கு ஆஸ்திரேலிய மக்கள் சம்மதித்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று மூன்றாம் பிரிவிலேயே எழுதி வைத்திருந்தார்கள். சம்மதித்தார்கள், முடிந்தது கதை. இன்னும் ஒரு கூத்து, கூட்டாட்சியில் சேராவிட்டால் நாங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவைவிட்டே பிரிகிறோம் என்று ராணிக்கு மனுப் போட்டவர்கள் கல்கூர்லி தங்கவயல்காரர்கள்.

1934-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் சார்பில் ஹால் கோல்பாட்ச் முதலானவர்கள் லண்டனில் பிரிவினை மனுவைக் கொடுத்தார்கள். நீங்கள் போட்ட சட்டம், நீங்களே அவிழ்த்துவிடுங்கள் என்பது வாதம். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் இரு அவைகளின் கூட்டுக்குழு 1935-இல் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடிக்கும்: பாராளுமன்றத்துக்கு அந்த அதிகாரம் சட்டப்படி உண்டு, ஆனால் ஆஸ்திரேலியாவின் மத்திய அரசே வந்து கேட்காமல் அதைத் தொடுவது மரபல்ல. ஆகவே மனுவை வாங்கவே முடியாது. தள்ளுபடிகூட இல்லை பாருங்கள். 1986-இல் வந்த ஆஸ்திரேலியா சட்டத்தோடு லண்டனுக்கு இருந்த அந்த அதிகாரமும் போயிற்று.

இன்றைக்கு மிச்சம் இருப்பது அரசியல் சட்டத்தைத் திருத்த வழி சொல்லும் அதன் 128-ஆம் பிரிவு: நாடு முழுக்க வாக்கெடுப்பு, மொத்தத்தில் பெரும்பான்மை, அதோடு ஆறில் நான்கு மாநிலங்களிலாவது பெரும்பான்மை. அதாவது நாம் போவதற்குச் சிட்னிக்காரன் சம்மதிக்க வேண்டும். முகவுரை அரசியல் சட்டத்துக்கு வெளியே நிற்பதால் அந்தக் 'கலைக்க முடியாத'வை இந்த வழியிலும் தொட முடியுமா என்று வக்கீல்களுக்குள் தகராறு வேறு. ஆக, ஒரு மாநிலம் தானாகவே எழுந்து போக உரிமை உண்டா என்றால், இல்லை. கோதுமை ஒதுக்கீட்டுச் சண்டையில் 1970-இல் தன் பண்ணையை ஹட் ரிவர் என்று தனி நாடாக அறிவித்து, தன்னை இளவரசர் என்று அழைத்துக்கொண்ட லெனார்ட் கேஸ்லிக்கும் கடைசியில் வரிபாக்கி கட்டச் சொல்லி 2017-இல் கோர்ட் உத்தரவு வந்தது.

ஆனால் மிரட்டல் பலித்தது. 1933-லேயே காமன்வெல்த் கிராண்ட்ஸ் கமிஷன் அமைத்து, நலிந்த மாநிலங்களுக்கு நிதி ஒதுக்க வழி செய்தார்கள். இன்றும் ஜிஎஸ்டியைப் பங்கு போடப் பரிந்துரைப்பது அதே கமிஷன்தான். இரும்புத்தாது ராயல்டி (தோண்டும் தாதுக்காக மாநிலத்துக்குக் கிடைக்கும் பணம்) கொட்டியதால் 2015-16-இல் அதே கமிஷனின் கணக்கில் இந்த மாநிலத்துக்கு, தலைக்குச் சமமாகப் பிரித்தால் ஒரு டாலர் வரவேண்டிய இடத்தில், 30 சென்ட்தான் வந்தது. 2017-இல் இங்குள்ள லிபரல் கட்சி மாநாடு மறுபடியும் பிரிவினைப் பேச்சை எடுத்தது. 2018-இல் 70 சென்டுக்குக் குறையாது, பிறகு 75 என்று சட்டம் வந்தது. இப்போது நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் இது அநியாயம் என்கின்றன. எங்கள் ஷிஃப்டில் இருக்கும் தீவிரப் பிரிவினைவாதியோ, அந்த 75 சென்டில் மட்டும் எவனும் கைவைக்கக் கூடாது என்கிறார்.