புயல் கூம்பு ஏற்றிய கேப்டன்: அப்பர் நார்வுட்டில் ஒரு நடை

தெற்கு லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, மேடேறி சர்ச் ரோட்டைப் பிடித்தால் 140-ஆம் எண்ணில் லிண்ட்ஹர்ஸ்ட் என்ற வீடு வரும். அட்மிரல் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1865 ஏப்ரல் 30 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டது இங்கேதான். அதே சாலையில் இன்னும் இறங்கினால் ஆல் செயின்ட்ஸ் தேவாலயம். முன்புறத்திலேயே அவர் கல்லறை.

பீகிள் கப்பலில் டார்வினை ஏற்றிச் சென்ற கேப்டன் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். 1843-இல் நியூசிலாந்து ஆளுநரானார். அந்த மண்ணின் மக்களான மாவோரிகளோடு நடந்த வைராவ் மோதலில் தவறு பிரிட்டிஷ் குடியேறிகள்மேல்தான் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். நேர்மையான தீர்ப்பு. கஜானாவும் காலியாக இருந்தது. 1845-இல் பதவி போயிற்று.

அவருடைய பெரிய வேலை அதற்குப் பிறகுதான். 1859 அக்டோபர் 26 அன்று ராயல் சார்ட்டர் கப்பல் வேல்ஸின் ஆங்கில்சீ கரையில் நொறுங்கி சுமார் 450 பேர் மாண்டார்கள். புயல் ஓரிடத்தில் அடிக்கத் தொடங்கியதும் அடுத்த துறைமுகத்துக்குத் தந்தி முந்திப் போகுமே என்று, அப்போது பிரிட்டிஷ் அரசின் வானிலைத் துறைத் தலைவராக இருந்த அவர் வாதாடினார். காலையில் கரையோர நிலையங்கள் காற்றழுத்தம், வெப்பம், காற்றின் திசை, வேகம் ஆகியவற்றைத் தந்தியில் அனுப்பும். லண்டனில் அவற்றைச் சேர்த்துப் பார்த்து, ஆபத்து தெரிந்தால் துறைமுகங்களுக்குத் தந்தி பறக்கும். 1861 பிப்ரவரியில் முதல் எச்சரிக்கை போனது.

கித்தான் துணியில் செய்த மூன்றடிக் கூம்பைக் கொடிமரத்தில் ஏற்றுவார்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அது முக்கோணமாகத் தெரியும். நுனி மேலே இருந்தால் வடக்கிலிருந்து கடுங்காற்று, கீழே இருந்தால் தெற்கிலிருந்து. கூம்பு இல்லாமல், கித்தானில் செய்த உருளை மட்டும் ஏறினால் காற்று திசை மாறி மாறி அடிக்கும். இரவில் கூம்புக்குப் பதில் மூன்று விளக்குகள், உருளைக்கு நான்கு. கடலூரிலும் பாம்பனிலும் ஏற்றுகிற புயல் கூண்டுக்கு இதுதான் முன்னோடி.

சிக்கல் மேற்கில் இருந்தது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் புயலுக்கு அயர்லாந்தின் வாலென்ஷியாவுக்கு அப்பால் தகவல் தர ஆளில்லை. அங்கே காற்றழுத்தம் சரிந்தபின் மிஞ்சுவது சில மணி நேரம்தான். கூம்பு ஏறியும் புயல் வராத நாட்களில் படகு முதலாளிகள் கொதித்தார்கள். 1861 ஆகஸ்ட் முதல் டைம்ஸ் நாளிதழில் வந்த தினசரிக் கணிப்புகள் பொய்த்தபோது கேலி வேறு. வாழ்நாள் சொத்தையெல்லாம் கடமையிலேயே கரைத்த மனிதருக்கு அது கொடுமை.

அவர் இறந்த மறுவருடம் அறிஞர் குழு ஒன்று இந்தக் கணிப்புகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றது, எச்சரிக்கைகள் நின்றன. கடலோடிகளும் துறைமுகத்தாரும் விடவில்லை. 1867-இல் கூம்புகள் மறுபடி ஏறின.